தற்காப்பு உரிமை: எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது?

தாக்க வருபவரை எதிர்த்துத் தாக்குவது குற்றமாகாது என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. அந்த உரிமைக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் உண்டு என்பது அந்த அளவுக்கு அறியப்படவில்லை. தற்காப்பு என வாதிட்டும் தண்டனை பெற்றவர்களின் வழக்குகளைப் படித்தால், அவர்களுள் பலர் தவறியது முதல் அடியில் அல்ல என்பது தெரியவரும். ஆபத்து விலகிய பின்னர் விழுந்த அடிகளே அவர்களைச் சிறைக்கு அனுப்பியுள்ளன.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் இவ்வுரிமையை வரையறுக்கின்றன. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த பிரிவுகளே எண் மாறி, சிற்சில திருத்தங்களுடன் இங்கு இடம்பெற்றுள்ளன. ஆகவே, பழைய சட்டத்தின்கீழ் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புகள் இன்றும் நீதிமன்றங்களுக்கு வழிகாட்டுகின்றன.

ஒருவர் தம் உடலை மட்டுமன்றிப் பிறர் உடலையும் காக்கலாம். பேருந்து நிலையத்தில் முன்பின் அறியாத ஒருவர் தாக்கப்படுவதைக் கண்டு குறுக்கிடுபவருக்கும் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. சொத்துக்கும் இது பொருந்தும். ஆனால் திருட்டு, கொள்ளை, சொத்துக்குச் சேதம் விளைவித்தல், அத்துமீறி நுழைதல் ஆகிய நான்கு குற்றங்களுக்கு எதிராக மட்டுமே சொத்தைக் காக்கும் உரிமை அளிக்கப்பட்டுள்ளது. மனநலம் குன்றியவர், சிறுவர், போதையில் இருப்பவர் போன்றோர் தாக்கும்போது, அவர்கள் செய்வது சட்டப்படி குற்றமாகாது போகலாம். அதனால் தாக்கப்படுபவரின் உரிமை குறைந்துவிடுவதில்லை என்கிறது 36ஆவது பிரிவு.

அடி விழும் வரை காத்திருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. தாக்குதல் முயற்சியினாலோ அச்சுறுத்தலினாலோ உடலுக்கு ஆபத்து நேரும் என்ற நியாயமான அச்சம் எழும் கணத்திலேயே உரிமை தொடங்கிவிடுகிறது. அந்த அச்சம் நீடிக்கும் வரை உரிமையும் நீடிக்கிறது. 40ஆவது பிரிவின் சாரம் இதுவே. இந்தச் சட்டப் பகுதி முழுவதும் ‘நியாயமான அச்சம்’ என்ற இரு சொற்களின் மேல்தான் நிற்கிறது எனலாம்.

அச்சம் நியாயமானதா என்பதை எவ்வாறு அறிவது? தற்காப்புப் பயிற்சியாளர்கள் பொதுவாக மூன்று கேள்விகளைச் சொல்லித் தருவர். எதிரில் இருப்பவருக்குத் தாக்கும் திறன் இருக்கிறதா, தாக்கக்கூடிய தொலைவில் இருக்கிறாரா, தாக்கும் நோக்கம் அவருடைய செயலில் வெளிப்படுகிறதா என்பவை அவை. அகன்ற சாலையின் மறுபுறம் நின்று ‘வெட்டிவிடுவேன்’ எனக் கூச்சலிடுபவரிடம் நோக்கம் தெரிகிறது. தொலைவு குறுக்கே நிற்கிறது. அவரே அரிவாளுடன் சாலையைக் கடந்து ஓடிவரத் தொடங்கினால் மூன்றும் ஒன்றுசேர்ந்துவிடுகின்றன. தொலைபேசியில் வரும் கொலை மிரட்டல் எவ்வளவு கொடியதாயினும், மிரட்டியவரின் வீட்டுக்குச் சென்று தாக்கும் உரிமையைத் தருவதில்லை. அது 351ஆவது பிரிவின்கீழ் குற்றமுறு மிரட்டல். அதற்கு உரிய வழி காவல் நிலையப் புகார். சட்டம் இந்த மூன்று கேள்விகளை அப்படியே எழுதி வைக்கவில்லை என்றாலும், நீதிமன்றங்கள் ஆராயும் சூழ்நிலைகள் பெரும்பாலும் இவற்றையே ஒத்திருக்கின்றன.

மத்தியப் பிரதேசத்தின் கட்னி நகரில் 1950 மார்ச் மாதம் நிகழ்ந்த வகுப்புக் கலவரத்தைச் சார்ந்த வழக்கு இதற்கு முதன்மையான எடுத்துக்காட்டு. ஒரே கட்டடத்தில் அண்ணன் தம்பி இருவரின் குடும்பங்களும் கடைகளும் இருந்தன. கலவரக் கும்பல் ஒருவரது பகுதியை உடைத்துச் சூறையாடிய பின்னர், மற்றவரது பகுதியின் கதவைத் தடிகளால் தாக்கத் தொடங்கியது. உள்ளே இருந்தவர் துப்பாக்கியால் சுட்டதில் ஒருவர் உயிரிழந்தார். கும்பல் இன்னும் உள்ளே நுழையவில்லையே என்ற வாதத்தை 1952இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அடுத்த அறையில் நடந்ததைக் கண்டவர், கதவு உடையும் வரை காத்திருக்க வேண்டும் எனக் கூற இயலாது என்று தீர்ப்பளித்து, அவரை விடுவித்தது. நீதிபதி விவியன் போஸ் எழுதிய அத்தீர்ப்பில், இத்தகைய தருணத்தில் ஒருவர் கையாளும் வலிமையைத் தங்கம் நிறுக்கும் தராசில் வைத்து நிறுக்கக் கூடாது என்ற கருத்து இடம்பெற்றது. எழுபது ஆண்டுகளுக்குப் பின்னரும் தற்காப்பு வழக்குகளில் அக்கருத்து எடுத்தாளப்பட்டு வருகிறது.

1970களின் தொடக்கத்தில் உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த வழக்கொன்றும் இதே திசையில் அமைந்தது. தலையில் தடியடி பட்ட ஒருவர் ஈட்டியால் திருப்பிக் குத்தினார். தடிக்கு ஈட்டியா என்று கேட்டது உயர் நீதிமன்றம். தலை போன்ற உறுப்பில் விழும் தடியடி உயிரையே பறிக்கக்கூடும் என்று சுட்டிக்காட்டிய உச்ச நீதிமன்றம், ஆயுதத்துக்கு ஆயுதம் ஒப்பிடும் அணுகுமுறையை நிராகரித்தது. தாக்கியவர் கையில் எதை வைத்திருந்தார் என்பதை விட, எதை விளைவிக்கக்கூடிய நிலையில் இருந்தார் என்பதே பார்க்கப்படுகிறது.

தவறான அச்சமும் மன்னிக்கப்படுமா?

சட்டமே இதற்கு ஒரு கதை சொல்கிறது. இரவு நேரத்தில், தாம் நுழையச் சட்டப்படி உரிமையுள்ள வீட்டுக்குள் ஒருவர் நுழைகிறார். உள்ளே இருப்பவர் அவரைத் திருடன் என நல்லெண்ணத்துடன் தவறாக நம்பித் தாக்குகிறார். தவறாக எண்ணித் தாக்கியவர் குற்றவாளி அல்லர். ஆனால் தாக்கப்பட்டவருக்கும் தம்மைக் காத்துக்கொள்ளும் உரிமை முழுமையாக உண்டு. இரு தரப்பிலும் குற்றம் இல்லாமலேயே ஓர் உயிர் போகக்கூடும் என்பதை 1860ஆம் ஆண்டின் சட்டம் அறிந்திருந்தது. நள்ளிரவில் வீடு திரும்பும் மகன், மாற்றுச் சாவியுடன் வரும் உறவினர் எனப் பல வீடுகளில் இது நிகழக்கூடியதே. ‘யார் அங்கே?’ எனக் குரல் கொடுப்பதற்கும் விளக்கைப் போடுவதற்கும் ஆகும் சில நொடிகள் இவ்விடத்தில் மிகப் பெரியவை.

நல்லெண்ணத்துடன் செய்த தவறு வேறு. விசாரிக்காமல் பரவிய அச்சம் வேறு. 2018ஆம் ஆண்டு குழந்தை கடத்தும் கும்பல் சுற்றுகிறது என்ற வாட்ஸ்அப் வதந்தியால் பல மாநிலங்களில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டனர். அசாமின் கார்பி ஆங்லாங் மாவட்டத்தில் சுற்றிப் பார்க்கச் சென்ற இரு இளைஞர்களும், மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஐவரும் உயிரிழந்தனர். திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குச் செல்லும் வழியில் குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்த மூதாட்டி ஒருவரும் அவ்வாறே கொல்லப்பட்டார். குழந்தைகளைக் காக்கவே தாக்கினோம் என அக்கும்பல்களில் இருந்தோர் உள்ளபடியே நம்பியிருக்கலாம். அந்த நம்பிக்கைக்குக் கண்முன் எந்த அடிப்படையும் இல்லை. எதிரில் இருந்தவர்களிடம் ஆயுதம் இல்லை. தாக்கும் முயற்சி இல்லை. சுற்றி வளைக்கப்பட்டவர்கள் ஓடவும் இயலாத நிலையில் இருந்தனர். இதை நியாயமான அச்சம் என எந்த நீதிமன்றமும் கொள்ளாது. இனம், சாதி, சமூகம், மொழி, பிறந்த இடம் போன்ற காரணத்துக்காக ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடிக் கொலை செய்தால், அவர்களுள் ஒவ்வொருவருக்கும் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை விதிக்கப் புதிய சட்டத்தின் 103ஆவது பிரிவு வகை செய்கிறது.

ஓடித் தப்பிக்கும் கடமை இல்லை. ஆயினும் ஒரு நிபந்தனை உண்டு

தாக்கப்படுபவர் முதலில் தப்பி ஓட முயன்றிருக்க வேண்டும் என்ற விதி இந்தியாவில் இல்லை. சட்டத்தை மதிக்கும் குடிமகன் ஆபத்தின் முன் கோழையாக நடந்துகொள்ள வேண்டும் எனச் சட்டம் எதிர்பார்ப்பதில்லை என உச்ச நீதிமன்றம் பலமுறை கூறியுள்ளது. 2010 ஜனவரியில் பஞ்சாப் மாநில வழக்கொன்றில், தற்காப்பு தொடர்பான பத்து கோட்பாடுகளைத் தொகுத்தளித்தபோதும் அக்கருத்து வலியுறுத்தப்பட்டது.

ஆனால் 37ஆவது பிரிவு இரண்டு வரம்புகளை விதிக்கிறது. அரசு அதிகாரிகளின் பாதுகாப்பை நாடுவதற்கு நேரம் இருந்தால் தற்காப்பு உரிமை எழாது. எழுந்தாலும், தற்காப்புக்குத் தேவையான அளவை விஞ்சிய தீங்கு செய்யலாகாது. நிலத் தகராறு வழக்குகள் பெரும்பாலும் முதல் வரம்பில்தான் இடறுகின்றன. பக்கத்து நிலத்துக்காரர் நாளை காலை வரப்பை வெட்டப் போகிறார் என முந்தைய மாலையே அறிந்தவருக்குக் காவல் நிலையம் செல்ல ஓர் இரவு முழுவதும் இருக்கிறது. அந்த இரவில் ஆட்களையும் ஆயுதங்களையும் திரட்டிக் காத்திருந்தால், மறுநாள் நடப்பது தற்காப்பு எனக் கருதப்படுவது அரிது. இரு தரப்பும் சண்டைக்கு ஆயத்தமாக வந்து மோதிக்கொண்டால், பொதுவாக இருவருக்குமே தற்காப்பு உரிமை மறுக்கப்பட்டு, அவரவர் செய்ததற்கு அவரவர் பொறுப்பாக்கப்படுகின்றனர். சண்டையை வலிந்து தொடங்கியவரும் பின்னர் அடி தாங்காமல் தற்காப்பின் பின் ஒளிய இயலாது.

காவலர் உள்ளிட்ட அரசு ஊழியர் நல்லெண்ணத்துடன் தம் பணியைச் செய்யும்போது, உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அஞ்சக் காரணம் இல்லாதவரை அவரை எதிர்க்கும் உரிமை இல்லை. அவருடைய நடவடிக்கையில் சட்டப்படி சிறு குறை இருந்தாலும் இதுவே நிலை. சீருடை அணியாமல் வந்து, தாம் யார் எனவும் தெரிவிக்காதவர் அரசு ஊழியர் என அறியக் காரணம் இல்லாதபோது இத்தடை பொருந்தாது.

தாக்குபவரின் உயிர் போனால்

எந்தத் தாக்குதலுக்கு எதிராக உயிர்ச்சேதம் வரை செல்லலாம் என்பதை 38ஆவது பிரிவு ஏழு வகையாகக் கூறுகிறது. மரணம் விளையும் என்ற அச்சம், கொடுங்காயம் விளையும் என்ற அச்சம், பாலியல் வல்லுறவு நோக்கிலான தாக்குதல், இயற்கைக்கு மாறான இச்சையைத் தணித்துக்கொள்ளும் நோக்கிலான தாக்குதல், கடத்தும் நோக்கிலான தாக்குதல், அதிகாரிகளின் உதவியை நாட இயலாதவாறு அடைத்து வைக்கும் நோக்கிலான தாக்குதல், அமில வீச்சு அல்லது அதற்கான முயற்சி ஆகியவை அவை. தில்லி பேருந்துக் கொடூரத்தைத் தொடர்ந்து 2013இல் குற்றவியல் சட்டங்கள் திருத்தப்பட்டபோது ஏழாவது வகை சேர்க்கப்பட்டது. இவ்வகைகளில் அடங்காத தாக்குதல் என்றால், உயிர்ச்சேதம் தவிர்த்த பிற தீங்கு செய்யும் அளவுக்கே உரிமை உண்டு. கன்னத்தில் அறைந்தவரைக் கத்தியால் குத்த இயலாது என்பது இதன் எளிய பொருள்.

கடத்தல் என்ற சொல்லுக்கு உச்ச நீதிமன்றம் எவ்வளவு விரிவான பொருள் தந்தது என்பதை 1959இல் முடிந்த ஒரு வழக்கு காட்டுகிறது. தந்தையின் வீட்டில் இருந்த மனைவியை அவருடைய விருப்பத்துக்கு மாறாகக் கணவர் பிடித்து இழுத்துச் சென்றார். தடுக்க வந்த தம்பி பேனாக்கத்தியால் ஒரே ஒரு முறை குத்தியதில் கணவர் இறந்தார். கணவராயினும் வலிந்து இழுத்துச் செல்வது கடத்தும் நோக்கிலான தாக்குதலே எனக் கூறிய நீதிமன்றம், தம்பியை விடுவித்தது. ஒரு குத்துடன் அவர் நின்றுவிட்டதும் அவருக்குச் சாதகமாக அமைந்தது.

தற்காப்பை ஏற்பது நீதிமன்றத்தின் வேலை மட்டுமே எனப் பலர் எண்ணுகின்றனர். 2012ஆம் ஆண்டு மதுரையில் தம் மகளிடம் பாலியல் வல்லுறவுக்கு முயன்ற கணவரைக் கிரிக்கெட் மட்டையால் அடித்துக் கொன்ற பெண்ணை, அன்றைய மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அஸ்ரா கார்க் இந்திய தண்டனைச் சட்டத்தின் 100ஆவது பிரிவைச் சுட்டிக்காட்டி விடுவித்தார். இந்நடவடிக்கை அப்போது நாடெங்கும் பேசப்பட்டது. விசாரணைக் கட்டத்திலேயே காவல்துறை இவ்வாறு முடிவெடுப்பது அரிது என்பதே அதற்குக் காரணம்.

வீட்டுக்குள் நீடிக்கும் வன்முறையின் முன் சட்டத்தின் இந்தக் கடிகாரம் திணறுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். தாக்குதல் நடக்கும் கணத்தையே சட்டம் பார்க்கிறது. ஆண்டுக்கணக்கில் அடிபட்ட மனைவி, கணவர் உறங்கும்போது தாக்கினால், அக்கணத்தில் ஆபத்து இல்லை என்பதால் தற்காப்பு வாதம் எடுபடுவது கடினம். அவரைப் பொறுத்தவரை ஆபத்து ஓயவே இல்லை என்பது மனித உண்மை. சட்டத்தின் அளவுகோல் அதற்கேற்ப வடிவமைக்கப்படவில்லை. சில நீதிமன்றங்கள் இடைவெளியை வேறு வழியில் நிரப்ப முயன்றுள்ளன. தொடர் வன்முறைக்கு உள்ளான ஒரு பெண்ணின் வழக்கில் 2013இல் கவுகாத்தி உயர் நீதிமன்றம், அத்தகைய பெண்களின் மனநிலை குறித்த ஆய்வுக் கருத்துகளைக் கவனத்தில் கொண்டு, கொலைக் குற்றத்தைக் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாகக் குறைத்தது. விடுதலை அன்று, தண்டனைக் குறைப்பு மட்டுமே. இத்தகைய வீடுகளில் இருப்போர் 181 என்ற மகளிர் உதவி எண்ணையும், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாப்பு அலுவலரையும் முன்கூட்டியே அணுகுவது, பாதுகாப்புக்கு மட்டுமன்றிப் பின்னாளில் ஆவணச் சான்றாகவும் பயன்படுகிறது.

சொத்தைக் காக்க உயிரைப் பறிக்கலாமா என்ற கேள்விக்கு 41ஆவது பிரிவு குறுகிய விடையே தருகிறது. கொள்ளை, சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் வீட்டை உடைத்துப் புகுதல், குடியிருப்புக்கோ சொத்தைப் பாதுகாக்கும் இடத்துக்கோ தீயினாலும் வெடிபொருளினாலும் சேதம் விளைவித்தல் ஆகியவற்றின்போது அந்த எல்லை வரை செல்லலாம். மற்றபடி திருட்டு, சேதம், வீட்டுக்குள் அத்துமீறல் ஆகியவற்றில், எதிர்க்காவிட்டால் மரணமோ கொடுங்காயமோ நேரும் என அஞ்ச நியாயமான காரணம் இருந்தாக வேண்டும். பழைய சட்டத்தின் இணையான பிரிவில் ‘இரவு’ என்று மட்டும் இருந்ததைப் புதிய சட்டம் சூரியனை வைத்துத் தெளிவாக்கியுள்ளது. வெடிபொருள் என்ற சொல்லும் புதிதாகச் சேர்ந்ததே. பூட்டாத மிதிவண்டியை எடுத்து ஓடுபவரைச் சுட்டு வீழ்த்த இப்பிரிவில் இடமில்லை.

ஓடுபவரின் முதுகு

உரிமை முடியும் இடத்தை விளக்கும் தீர்ப்பு 1960களின் தொடக்கத்தில் அன்றைய பஞ்சாபிலிருந்து வந்த நில வழக்கொன்றில் அளிக்கப்பட்டது. நிலத்தில் தங்களைத் தாக்க வந்த கூட்டத்தை எதிர்த்தவர்கள், முதலில் தற்காப்பு உரிமையுடன்தான் இருந்தனர். கூட்டம் சிதறி ஓடத் தொடங்கிய பின்னரும் அவர்கள் துப்பாக்கியால் சுட்டனர். அச்சத்துக்கான காரணம் மறைந்து, தாக்குதல் முறியடிக்கப்பட்டுவிட்டால் உரிமையைப் பயன்படுத்த இடமே இல்லை என உச்ச நீதிமன்றம் கூறியது. தற்காப்பில் தொடங்கிய செயல் சில நொடிகளில் கொலையாக மாறியது.

இந்த மாற்றம் நிகழும் தருணங்கள் நடைமுறையில் எளிதில் அடையாளம் காணக்கூடியவை: தாக்கியவர் ஆயுதத்தை நழுவவிட்டார், கீழே விழுந்து எழ இயலாமல் கிடக்கிறார், பலர் சேர்ந்து அவரைப் பிடித்துவிட்டனர், முதுகைக் காட்டி ஓடுகிறார். இவற்றுள் எது நேர்ந்தாலும் அதன் பின்னர் விழும் அடிக்குப் பழிவாங்கல் என்றே பெயர். காயங்கள் எத்தனை, அவை உடலின் முன்புறமா பின்புறமா, விழுந்து கிடந்தவர் மேல் விழுந்தவையா என்பதை உடற்கூறாய்வு அறிக்கை கூறிவிடுகிறது. உயிருக்கு அஞ்சிய பதற்றத்தில் இருப்பவரின் பார்வையும் கேட்கும் திறனும் குறுகிவிடும் என்பதையும், நிறுத்த வேண்டிய கணம் அவருக்கு உடனே தெரியாமல் போகலாம் என்பதையும் நீதிமன்றங்கள் ஓரளவு கருத்தில் கொள்கின்றன. அது இன்னும் ஓர் அடிக்கு விளக்கமாகலாம். இருபது அடிக்கு ஆகாது.

நல்லெண்ணத்துடன், முன்திட்டம் இன்றி, தேவைக்கு மேல் தீங்கு செய்யும் எண்ணம் இன்றி எல்லை மீறியவருக்குச் சட்டம் ஒரு சலுகை தருகிறது. 101ஆவது பிரிவின் இரண்டாவது விதிவிலக்கின்படி அது கொலையாகக் கருதப்படாது. ஆயினும் 105ஆவது பிரிவின்கீழ் தண்டனை உண்டு: நோக்கத்தைப் பொறுத்து ஆயுள் சிறை, ஐந்து முதல் பத்து ஆண்டு வரை சிறை, அல்லது பத்து ஆண்டு வரை சிறை.

பிடிபட்ட திருடனைக் கம்பத்தில் கட்டி வைத்து அடிப்பது பல ஊர்களில் வழக்கமாகவே இருந்துவருகிறது. அதற்குத் தற்காப்பு என்ற பெயர் ஒருபோதும் பொருந்தாது. திருட்டைப் பொறுத்தவரை, திருடியவர் பொருளுடன் தப்பிவிடும் வரை, அல்லது பொருள் மீட்கப்படும் வரை, அல்லது அதிகாரிகளின் உதவி கிடைக்கும் வரைதான் உரிமை நீடிக்கிறது. தம் கண்முன் பிணையில் விட இயலாத, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றத்தைச் செய்தவரைத் தனிமனிதரே கைது செய்யலாம் என பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆவது பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் தாமதமின்றி, அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் அவரைக் காவல்துறையிடம் ஒப்படைத்தாக வேண்டும்.

மிளகுத் தெளிப்பான், கத்தி, மின்வேலி

மிளகுத் தெளிப்பான் வாங்க உரிமம் தேவையில்லை என்பதால் அதை எப்படியும் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. 2024 மே மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம் இதற்கு மாறான கருத்தைத் தெரிவித்தது. இடத்தகராறு ஒன்றில் மிளகுத் தெளிப்பானைப் பயன்படுத்தியவர்கள் மீதான வழக்கை ரத்து செய்ய மறுத்த நீதிமன்றம், உயிருக்கு உடனடி அச்சுறுத்தல் இல்லாத நிலையில் அதைத் தற்காப்பாக ஏற்க இயலாது என்றும், அது ஆபத்தான ஆயுதமே என்றும் குறிப்பிட்டது. பின்தொடர்ந்து வந்து கையைப் பற்றி இழுப்பவர் மீது தெளிப்பதும், வாகனம் நிறுத்தும் இடத்துக்காக வாய்ச்சண்டை இடுபவர் மீது தெளிப்பதும் சட்டத்தின் பார்வையில் ஒன்றல்ல.

கத்தியைப் பொறுத்தவரை, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட அலகுடையவற்றை 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீடு, வேளாண்மை, தொழிற்பயன்பாட்டுக்காகச் செய்யப்பட்டவை விலக்கு. உரிமமே தேவைப்படாத சிறு கத்தியானாலும், சண்டைக்குச் செல்லும்போது அதை எடுத்துச் சென்றிருந்தால் முன்திட்டம் இருந்தது என்ற ஐயம் எழும்.

மின்வேலி தனிக் கதை. காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்கச் சட்டவிரோதமாக மின்சாரம் பாய்ச்சிய வேலியில் சிக்கி யானைகளும் மனிதர்களும் இறப்பது பல மாநிலங்களில் தொடர்கிறது. வேலி யாரையும் பார்ப்பதில்லை. அதற்கு அச்சமும் எழாது. நியாயமான அச்சத்தின் பேரில் எழும் உரிமையை, ஆளில்லாத கண்ணிக்கு நீட்டிக்க இயலாது. காட்டு விலங்கு நேரில் பாயும்போது தம்மையோ பிறரையோ காக்க நல்லெண்ணத்துடன் அதைக் கொல்வதோ காயப்படுத்துவதோ குற்றமாகாது என 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவு கூறுகிறது. அந்த நேரத்தில் அவரே அச்சட்டத்தை மீறும் செயலில் ஈடுபட்டிருந்தால் அப்பாதுகாப்பும் கிடைக்காது.

தாக்குபவர்களிடையே அப்பாவிகள் கலந்திருந்தால் என்ன செய்வது? தம்மைக் கொல்ல வரும் கும்பலைச் சுட்டாலன்றித் தப்ப இயலாது, சுட்டால் கும்பலிடையே உள்ள சிறு குழந்தைகளுக்கு ஆபத்து நேரலாம் என்ற நிலையை 44ஆவது பிரிவு எடுத்துக்காட்டாகக் கூறி, அப்போதும் சுடுவது குற்றமாகாது என்கிறது. சட்டப் புத்தகத்தின் மிகக் கடினமான பத்திகளுள் இது ஒன்று.

சம்பவத்துக்குப் பின்னர்

ஆபத்து நீங்கியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை 112 என்ற அவசர எண்ணை அழைப்பது. பெரும்பாலான கைப்பேசிகளில் பவர் பொத்தானைத் தொடர்ந்து அழுத்தியே அவசர அழைப்பு விடுக்கலாம். எத்தனை முறை அழுத்த வேண்டும் என்பது கைப்பேசிக்குக் கைப்பேசி மாறுபடும் என்பதால் முன்னரே சரிபார்த்து வைப்பது நல்லது. தாக்கியவர் காயமுற்றுக் கிடந்தால் ஆம்புலன்ஸை வரவழைப்பதும் மனிதக் கடமை. அத்துடன், கொல்லும் நோக்கம் இல்லை என்பதற்கு அதுவே வலுவான சான்றாகவும் அமையும். இடத்தை விட்டுத் தலைமறைவாவதும், இரத்தக் கறையைக் கழுவுவதும், ஆயுதத்தை மறைப்பதும் நல்ல வழக்கையும் கெடுத்துவிடும்.

எந்தக் காவல் நிலைய எல்லையில் நடந்தது என்பதைப் பொருட்படுத்தாமல் எந்த நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம். மின்னணு முறையில் அனுப்பிய புகாரில் மூன்று நாட்களுக்குள் கையொப்பமிட வேண்டும். இரு தரப்பும் புகார் அளிக்கும் வழக்குகளில், முதலில் பதிவான புகாருக்குக் கிடைக்கும் கவனத்தைப் பின்னதற்குப் பெறுவது எளிதாக இருப்பதில்லை.

தற்காத்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது மருத்துவப் பதிவைத்தான். தமக்கு ஏற்பட்ட கீறல், வீக்கம், கைவிரல் காயம் ஆகியவற்றைச் சிறியவை என ஒதுக்கிவிடுகின்றனர். குற்றம் சாட்டப்பட்டவரின் உடலில் இருந்த காயங்களை அரசுத் தரப்பு விளக்கத் தவறினால், சம்பவத்தின் உண்மையான தொடக்கம் மறைக்கப்பட்டுள்ளது என நீதிமன்றம் ஊகிக்கலாம் என்பது 1976இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிய கருத்து. காயமே பதிவாகாதபோது அந்த வாதத்துக்கு இடமில்லாமல் போகிறது. கண்காணிப்பு கேமரா பதிவுகள் சில நாட்களிலேயே அழிந்துவிடக்கூடியவை. அவற்றைக் கைப்பற்றுமாறு காவல்துறையிடம் எழுத்துமூலம் கோருவது பயன்தரும். வாக்குமூலம் அளிக்கும் முன் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கும் உரிமையை அரசியல் சாசனத்தின் 22ஆவது பிரிவு அளிக்கிறது.

தற்காப்பை நிரூபிக்கும் பொறுப்பு, பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 108ஆவது பிரிவின்படி, அதைக் கோருபவரையே சாரும். ஆனால் அரசுத் தரப்பு போல ஐயத்துக்கு இடமின்றி அவர் நிரூபிக்கத் தேவையில்லை. நடந்தது அவ்வாறு இருக்கவே வாய்ப்பு மிகுதி எனக் காட்டினால் போதும். தனிச் சாட்சியை அழைக்காமல், அரசுத் தரப்புச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தே அதை நிறுவலாம். குற்றம் சாட்டப்பட்டவர் தற்காப்பு எனக் கூறாவிட்டாலும், சான்றுகள் அதைக் காட்டினால் நீதிமன்றம் தானே முன்வந்து பரிசீலிக்கலாம் என 1960களிலேயே உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது.

உரிமை இருப்பதும், அது ஏற்கப்படும் நாளும் ஒன்றாக வருவதில்லை. பத்து கோட்பாடுகளைத் தொகுத்த மேற்கண்ட பஞ்சாப் வழக்கில், தம் தந்தையை வெட்டியவரை உரிமம் பெற்ற துப்பாக்கியால் மகன் சுட்டார். சம்பவம் நடந்தது 1991இல். விசாரணை நீதிமன்றம் விடுவித்தது. உயர் நீதிமன்றம் அதை மாற்றித் தண்டித்தது. உச்ச நீதிமன்றம் அவரை மீண்டும் விடுவித்தபோது 2010 பிறந்திருந்தது.